ஏர்வாடிக் கரையில் டிஸ்கஸ்: முட்டை வெளுப்பதற்கு ஆண் காரணமா, தண்ணீர் காரணமா?

ஏர்வாடிக் கரை | அக்டோபர் 4

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடலிலிருந்து பத்து நிமிட நடைத்தொலைவில் இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு டிஸ்கஸ் என்னும் நன்னீர் அலங்கார மீனின் ஆறு குஞ்சுகளை வாங்கி வளர்த்தேன். அவற்றுள் இரண்டு, சென்ற ஆடி மாதத்தில் மற்ற மீன்களை ஒரு மூலைக்கு விரட்டிவிட்டுத் தாமாகவே ஜோடி சேர்ந்தன. பெண் என்று நான் கருதுவது பிஜியன் பிளட் வகை. ஆண் என்று கருதுவது டர்க்காய்ஸ் வகை. இரண்டையும் 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றி, அடியில் மணல் எதுவும் போடாமல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் முட்டையிடுவதற்கு ஒரு சுட்ட மண் கூம்பும் வைத்திருக்கிறேன். வெப்பநிலை 29 டிகிரி.

ஆகஸ்ட் முதல் இன்றுவரை நான்கு முறை முட்டையிட்டுவிட்டன. ஒவ்வொரு முறையும் நூற்றுக்குக் குறையாத முட்டைகள் வரிசை வரிசையாகக் கூம்பில் ஒட்டியிருக்கும். பெற்றோர் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். மறுநாள் மாலைக்குள் முட்டைகள் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். அதற்கடுத்த நாள் பஞ்சுபோல் பூஞ்சை படரும். பிறகு மீன்களே அவற்றைத் தின்றுவிடும். நான்காம் முறை மட்டும் ஏறத்தாழ பத்து முட்டைகள் தேன் நிறம் மாறாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்தன.

தொட்டிக்கு வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு பங்கும் காவிரிக் குழாய்த் தண்ணீரை இரண்டு பங்கும் கலந்து ஊற்றுகிறேன். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் கிணற்று நீர் 2,800, குழாய் நீர் 330, கலவை 1,150 காட்டுகிறது. மீன்களை விற்றவர், "ஆண் மலடு, வேறு ஆணை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒன்றையொன்று இவ்வளவு அன்போடு பேணும் ஜோடியைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

தேவிபட்டினம் | அக்டோபர் 4

முதலில் இரண்டுமே பெண்ணாக இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு பெண் டிஸ்கஸ்கள் ஜோடிபோல் பழகி, இரண்டுமே முட்டையிட்டு, இரண்டுமே காவல் காப்பதை நான் பார்த்திருக்கிறேன். முட்டையிடும் நேரத்தில் வயிற்றின் கீழே வெளிப்படும் குழாயைக் கவனியுங்கள். பெண்ணுக்கு அது பருத்து முனை மழுங்கியிருக்கும். ஆணுக்கு மெலிந்து கூர்மையாக இருக்கும். அந்தச் சில மணி நேரத்தைத் தவிர மற்ற நேரங்களில் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகமே.

ஏர்வாடிக் கரை | அக்டோபர் 5

நான்காம் முறை எடுத்த காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிஜியன் பிளட்டின் குழாய் மழுங்கலாகவும் டர்க்காய்ஸின் குழாய் கூர்மையாகவும் தெளிவாகவே தெரிகின்றன. பெண் ஒரு வரிசை முட்டையை ஒட்டிவிட்டு விலகியதும், ஆண் அதே தடத்தில் கூம்பை உரசிக்கொண்டு மேலேறுகிறது.

மண்டபம் மீன்தொட்டி | அக்டோபர் 5

தம்பி, ஆணை மாற்ற வேண்டாம். அந்தப் பத்து முட்டைகளே உங்களுக்குச் சாட்சி. ஆண் முற்றிலும் மலடாக இருந்திருந்தால் ஒரு முட்டைகூட இரண்டாம் நாளைத் தாண்டித் தேன் நிறத்தில் நின்றிருக்காது. கருவுறாத முட்டை ஒன்றரை நாளுக்குள் வெளுத்துவிடும். கருவுற்றது கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, பிறகு உள்ளே கருமை கூடி, 48 மணி நேரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வால் துடிப்பதே தெரியும். ஆகவே உங்கள் ஆணிடம் உயிருள்ள விந்து இருக்கிறது. அது முட்டைக்குள் போய்ச் சேருவதைத் தண்ணீர் தடுக்கிறது.

நம் மாவட்டத்துப் பெண்களிடம் கேட்டால் இதை ஒரே சொல்லில் விளக்குவார்கள்: அது பருப்பு வேகாத தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் பருப்பை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அது விறைத்துக்கொண்டே கிடப்பதும், சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதும் அதில் உள்ள கால்சியத்தாலும் மக்னீசியத்தாலும்தான். அதே கடினநீரில் முட்டையிட்டால் முட்டையின் மேலுறை விரைவாக இறுகிவிடுகிறது என்பதே டிஸ்கஸ் வளர்ப்போர் பொதுவாக ஏற்றுக்கொண்ட விளக்கம். மீன் முட்டையில் விந்து நுழைவதற்கு ஊசிமுனையினும் சிறிய ஒரே ஒரு துளைதான் உண்டு. முட்டை நீரில் பட்டதும் அந்தத் துளை அடைபடத் தொடங்கிவிடும்; நீரில் கலந்த விந்தும் நெடுநேரம் உயிரோடு இருப்பதில்லை. அந்தக் குறுகிய நேரத்துக்குள் நடந்தால்தான் கரு.

டிஸ்கஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1840-இல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய அறிஞர் அறிவியல் பெயர் சூட்டிய முதல் டிஸ்கஸ் இனம், அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவின் கருநீரில் வாழ்வது. காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர்போல் கறுத்த நீர் அது, உப்பென்று சொல்ல அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பி.எச். 5-க்கும் கீழே இறங்கும். நாம் கடைகளில் வாங்கும் மீன்கள் பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை என்பதால் 300, 400 டி.டி.எஸ். நீரில் நலமாகவே வாழும். உங்கள் மீன்கள் 1,150-இலும் முட்டையிடும் அளவுக்கு உடல் தேறியிருக்கின்றன என்றால், அது உங்கள் பராமரிப்பின் சிறப்பு. ஆனால் மீன் பழகிக்கொண்ட நீருக்கு அதன் முட்டை பழகுவதில்லை.

ஒன்பது ஆண்டுகள் இந்தக் கரையில் டிஸ்கஸ் வளர்த்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது: மென்னீர் தேவைப்படுவது முட்டைக்குத்தான், மீனுக்கு அன்று. வளரும் குஞ்சுகளுக்கு ஓரளவு கடினமான நீரே எலும்பு வளர்ச்சிக்கு நல்லது. எனவே வீட்டிலுள்ள எல்லாத் தொட்டிகளையும் அமேசானாக மாற்ற வேண்டும் என்று நினைத்து மலைத்துப் போகாதீர்கள். ஒரு தொட்டி, ஒரு பத்து நாள், அவ்வளவே உங்கள் தேவை. கலவை நீரை 100 அளவுக்கும் பி.எச்.-ஐ 6 முதல் 6.5 வரைக்கும் கொண்டுவந்துவிட்டு அடுத்த முட்டைக்குக் காத்திருங்கள். ஆனால் ஒரே நாளில் 1,150-இலிருந்து 100-க்கு இறக்கிவிடாதீர்கள். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, நாளுக்குச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

தொண்டிக் கடற்கரை | அக்டோபர் 6

என்னிடம் இரண்டு யோசனைகள் உள்ளன. ஒன்று, வீட்டுக்குப் பொருத்தும் நீர் மென்மையாக்கும் கருவி. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த நீரை அப்படியே பயன்படுத்தலாமே? மற்றொன்று, முட்டையிட்டவுடன் கூம்பைத் தனியே எடுத்து, மெத்திலீன் புளூ என்னும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த நீரில், காற்றுக்கல்லின் பக்கத்தில் வைத்துப் பொரிக்கவைப்பது. பெற்றோர் தின்னும் அபாயம் இருக்காது; பூஞ்சையும் வராது.

மண்டபம் மீன்தொட்டி | அக்டோபர் 6

அந்தக் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகிறது. துணி வெளுக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்காது. ஆனால் மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். நம் பகுதிக் கிணறுகளில் ஏற்கெனவே கடலுப்பு ஏறிக் கிடக்கிறது. அதன்மேல் இன்னும் சோடியம் வேண்டாம். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது. கடினத்தன்மையைத் தனியே அறிய, சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூம்பைப் பிரித்தெடுப்பது பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. முட்டை கருவுறாததற்கு அது மருந்தாகாது. பொரித்த பிறகும் பெற்றோர் இல்லாமல் குஞ்சைக் காப்பாற்றுவது, பால்குடி மறவாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பதற்குச் சமம். டிஸ்கஸ் குஞ்சுகளின் முதல் உணவு பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழைதான். தாய் மட்டுமன்று, தந்தையும் அதைச் சுரக்கும். முட்டையிட்ட பிறகு அந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன என்று 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆகும்போது பெற்றோர் அவற்றிடமிருந்து விலகி விலகி நீந்துவதையும், குட்டிக்குப் பால் மறக்கடிக்கும் விலங்குகளோடு அதை ஒப்பிடலாம் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இந்தக் காட்சியைக் காணத்தானே நாம் இவ்வளவு பாடுபடுகிறோம்? முட்டையைத் தின்பது பெரும்பாலும் இளம் ஜோடிகளின் முதல் சில முயற்சிகளில்தான். இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் அதுவும் குறையும்.

கீழக்கரை வாசகி | அக்டோபர் 8

மண்டபம் அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த 100 டி.டி.எஸ். நீர் எங்கிருந்து வரும் என்பதை யாரும் இன்னும் பேசவில்லை. எல்லோரும் ஆர்.ஓ. இயந்திரம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீட்டு இயந்திரத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இறங்குவதற்கு மூன்று குடம் கழிவுநீராக வெளியேறுகிறது. உள்ளே போகும் நீரில் உப்பு கூடக்கூடக் கழிவும் கூடுகிறது. 2,800 உள்ள நீரை விட்டால் சவ்வும் விரைவிலேயே கெட்டுப்போகும். நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைக்கவேண்டி வந்த மாவட்டம் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் தெருவில், மீனுக்காக மூன்று குடத்தைச் சாக்கடையில் விட என் மனம் ஒப்பவில்லை. இதைக் குற்றமாக யார்மீதும் சொல்லவில்லை. நானே ஓராண்டுக் காலம் அப்படிச் செய்துவிட்டுப் பிறகு நிறுத்தியவள்.

இப்போது நான் பயன்படுத்துவது மழைநீர். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை பெய்யும். அதைவிட மென்மையான நீர் வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் என் முதல் ஆண்டு அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு பழைய வீடு. மாடியில் சுண்ணாம்புக் காரை போட்டுத் தட்டோடு பதித்திருக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கோடையில் அதன்மேல் சுண்ணாம்பும் அடித்திருந்தோம். அந்த மாடியிலிருந்து இறங்கிய நீரைத்தான் நம்பிக்கையோடு பிடித்துவைத்தேன். மீட்டரை விட்டுப் பார்த்தால் 240 காட்டியது, பி.எச். 8-ஐத் தாண்டியிருந்தது. வானத்திலிருந்து மென்னீராக விழுந்தது மாடியிலேயே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கடினநீராகிவிட்டது. மறு ஆண்டு, வண்டி நிறுத்தப் போட்ட தகரக் கொட்டகையின் கூரையிலிருந்து மட்டும் பிடித்தேன். மீட்டர் 18 காட்டியது. சேமிக்கும் தொட்டியும் சிமெண்டால் ஆனதாக இருக்கக் கூடாது, பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பும் காக்கை எச்சமும் அதில்தான் இறங்கும்.

தொண்டிக் கடற்கரை | அக்டோபர் 8

லாத்தா, எங்கள் வீட்டு மாடியும் தட்டோடு பதித்ததுதான். இரண்டு ஆண்டுகளாக மழைநீரைப் பிடித்தும் பி.எச். ஏன் இறங்கவில்லை என்று குழம்பிக்கொண்டிருந்தேன். இன்றுதான் காரணம் விளங்கியது.

மண்டபம் மீன்தொட்டி | அக்டோபர் 9

கீழக்கரைச் சகோதரி சொன்னது எனக்கும் பாடம். நான் இதுவரை ஆர்.ஓ. நீரைத்தான் பயன்படுத்தி வந்தேன். இந்தப் பருவத்திலிருந்து மாற்றிக்கொள்கிறேன்.

எவ்வளவு மழைநீர் தேவைப்படும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். தம்பியின் தொட்டி ஏறத்தாழ 120 லிட்டர். முட்டையிட்டது முதல் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிச் சில நாள் ஆகும்வரை பத்து நாள் என்று வைத்து, நாளுக்கு 36 லிட்டர் மாற்றினால் 360 லிட்டர். தொட்டியையும் சேர்த்து 480 லிட்டர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆகவே 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 500 லிட்டர். நம் ஊரில் ஒரு நல்ல ஐப்பசி மழை ஒரே இரவில் அதைக் கொடுத்துவிடும்.

ஆனால் வெறும் மழைநீரை ஊற்றாதீர்கள். அதில் பி.எச்.-ஐ நிலையாக வைத்திருக்கும் காரத்தாங்கு திறன் சிறிதும் இல்லாததால் பி.எச். திடீரென்று சரிந்துவிடும், சரிந்தால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் சோர்ந்துபோகும். மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு காவிரிக் குழாய் நீர் என்று கலந்தால் 20-உம் 330-உம் சேர்ந்து ஏறக்குறைய 100-இல் வந்து நிற்கும். குழாய் நீரைக் குளோரின் போக ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து வைத்துவிட்டுக் கலக்கவும். இரண்டு மூன்று காய்ந்த நாட்டு வாதாம் இலைகளைக் கழுவிப் போட்டால் நீர் இளந்தேநீர் நிறத்துக்கு வரும், பி.எச். சற்று இறங்கும், பூஞ்சையும் ஓரளவு கட்டுப்படும். சாலையோரத்துப் புகை படிந்த இலை வேண்டாம்.

அமிலத் தன்மையுள்ள தொட்டியில் மீன்கழிவு பெரும்பாலும் தீங்கற்ற அம்மோனியமாகத் தங்கியிருக்கும். அவசரத்தில் 8 பி.எச். உள்ள நீரை மொத்தமாக ஊற்றிவிட்டால் அதுவே நச்சு அம்மோனியாவாக மாறும். பி.எச். ஓர் எண் ஏறினால் நச்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். என் முதல் ஜோடியை நான் இழந்தது இப்படித்தான். மின்சாரம் நின்ற ஓர் இரவில் நீர் கலங்கியிருக்கிறதே என்று பதறி, பாதித் தொட்டிக்கு நேரடியாகக் குழாய் நீரை ஊற்றினேன். விடிவதற்குள் இரண்டும் ஒருக்களித்துக் கிடந்தன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம் | அக்டோபர் 11

கடல்நீர் கையெட்டும் தொலைவில் இருக்கும்போது இந்த நன்னீர் மீனுக்காக ஏன் இத்தனை பாடு? மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கடல் அலங்கார மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகளை வகுத்திருக்கிறது. கோமாளி மீனை வளர்த்தால் தண்ணீர்க் கவலையே இல்லையே?

ஏர்வாடிக் கரை | அக்டோபர் 11

நீங்கள் சொல்வது நியாயமான கேள்வி. அந்த மீனையும் ஒரு நாள் வளர்ப்பேன். ஆனால் இந்த இரண்டும் விரல்நுனி அளவில் வந்து, என் கையிலிருந்து உணவெடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தவை. நான்கு முறை முட்டையிட்டு, நான்கு முறையும் வெறும் கூம்பைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியதைப் பார்த்துவிட்டேன். இவற்றின் குஞ்சை ஒரு முறையாவது கண்டுவிட வேண்டும்.

ஏர்வாடிக் கரை | நவம்பர் 15

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஐப்பசியில் பெய்த முதல் மழையை ஓடவிட்டுவிட்டு, அடுத்த இரண்டு மழைகளில் ஆட்டுக்கொட்டகைத் தகரத்திலிருந்து 600 லிட்டர் பிடித்தேன். துணியால் வடிகட்டிய பிறகு மீட்டர் 22 காட்டியது. அண்ணன் சொன்ன மூன்றுக்கு ஒன்று என்ற கலவையை இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றி, தொட்டி நீர் 105-க்கும் பி.எச். 6.4-க்கும் வந்தது. இரவில் நீர் 27 டிகிரிக்கு இறங்கியதால் ஹீட்டர் போட்டு 29-இல் நிறுத்தினேன்.

நவம்பர் 12 மாலை ஐந்தாம் முறையாக முட்டையிட்டது. மறுநாள் மாலை பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கூம்பின் மேல்விளிம்பில் இருபது முப்பது முட்டைகள் வெளுத்திருந்தன; மற்றவை எல்லாம் தேன் துளிபோல் இருந்தன. 14-ஆம் தேதி இரவு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. இன்று காலை கூம்பு முழுவதும் துடிக்கிறது. தலையால் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும் குஞ்சுகள்; நழுவி விழுந்த ஒன்றைத் தாய் வாயால் கவ்விக்கொண்டுபோய்த் திரும்பவும் கூம்பில் துப்பியது. என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அரை மணி நேரம் தொட்டியின் முன்னால் நின்றார்.

ஏர்வாடிக் கரை | நவம்பர் 18, காலை

உடனடியாக உதவி வேண்டும். குஞ்சுகள் இன்று விடியற்காலை நீந்தத் தொடங்கின. ஆனால் பெற்றோரிடம் போகாமல், பெரும்பாலானவை ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சுற்றி மொய்க்கின்றன. கறுப்புப் பஞ்சின்மேல் ரவையைத் தூவியதுபோல் இருக்கிறது. தாய் பக்கத்தில் வந்து நின்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. சில குஞ்சுகள் ஹீட்டரின் கறுப்பு மூடியிலும் ஒட்டியிருக்கின்றன.

மண்டபம் மீன்தொட்டி | நவம்பர் 18, காலை

பதற வேண்டாம், நேரம் இருக்கிறது. ஆனால் நாளைவரை விட்டுவிடக் கூடாது. புதிதாக நீந்தும் குஞ்சு தொட்டியில் எது கருமையாகத் தெரிகிறதோ அதைத்தான் பெற்றோர் என்று நாடிப்போகும். குஞ்சு நீந்தும் நாளில் டிஸ்கஸ் தன் உடலைக் கருமையாக்கிக்கொள்வது அதற்காகத்தான். பிஜியன் பிளட் வகைக்கு அந்தத் திறன் போதாது. அதன் செம்மஞ்சள் நிறம் கறுக்காது. நீங்கள் பெண் பிஜியன் பிளட் என்று முதல் நாளே எழுதியிருந்தீர்கள். அப்போதே எச்சரிக்காமல் விட்டது என் தவறு.

ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக உதறிவிட்டு வெளியே எடுங்கள். மற்றொரு தொட்டியில் ஓடவிட்டால் பாக்டீரியா சாகாது. மூலையில் ஒரு காற்றுக்கல்லை மிக மெல்லிய குமிழோடு வையுங்கள். ஹீட்டரின் மூடிக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டை மாட்டுங்கள். பின்கண்ணாடியில் வெளிப்புறம் வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். ஹீட்டர் நீருக்கு மேலே தெரியாதபடி கிடைமட்டமாக வைத்துவிட்டு, நீரை 20 செ.மீ. உயரத்துக்குக் குறையுங்கள், குஞ்சுகள் பெற்றோரைக் கண்டுகொள்ளும் தூரம் குறையும். ஃபில்டர் இல்லாத நாள்களில் காலையும் மாலையும் பத்துப் பத்து லிட்டர் மாற்றினால் போதும்.

ஏர்வாடிக் கரை | நவம்பர் 19

சொன்னபடியே செய்தேன். ஃபில்டரை எடுத்த பிறகு குஞ்சுகள் இரண்டு மணி நேரம் சிதறித் திரிந்தன. பிறகு தந்தைதான் முதலில் அவற்றை ஈர்த்தது. அது மேனி முழுவதும் புகைபிடித்த சட்டிபோல் கறுத்துப்போய், துடுப்பைக்கூட அசைக்காமல் தொட்டியின் நடுவில் நின்றது. முதலில் ஐந்தாறு, பிறகு பத்துப் பதினைந்து, மாலைக்குள் பிழைத்திருந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே அதன் விலாவில் ஒட்டிக்கொண்டன. அருகில் முகத்தை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குஞ்சும் தலையை முன்னால் வெட்டி வெட்டித் தோலைக் கொறிப்பது தெரிகிறது.

இன்று காலை தாயும் அருகில் வந்தது. தந்தை உடலைச் சட்டென்று ஓர் உதறு உதறிவிட்டு ஒதுங்க, நடுவில் தொங்கிய குஞ்சுக் கூட்டம் அப்படியே தாயின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு மாறி மாறி இரண்டும் அப்படியே செய்கின்றன. நேற்று இரவில் ஒரு முறை மின்சாரம் போனது. கடற்காற்றில் பழைய காற்று மோட்டாரின் இணைப்பு துருப்பிடித்துக் கிடந்ததால், பேட்டரியில் ஓடும் சிறு மோட்டாரை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அது இருபது நிமிடம் ஓடிக் காப்பாற்றியது.

தொண்டிக் கடற்கரை | நவம்பர் 20

மிகுந்த மகிழ்ச்சி, தம்பி. நீந்தத் தொடங்கி நான்கைந்து நாள் ஆனதும் ஆர்டீமியா என்னும் உப்புநீர் நுண்ணிறாலின் குஞ்சுகளைக் கொடுக்கத் தொடங்குங்கள். அதைப் பொரிப்பதற்கு உப்பை விலைக்கு வாங்க வேண்டியதில்லை; இந்த ஒன்றில் நம் கரை நமக்குக் கைகொடுக்கிறது. அலை கலக்காத இடத்தில் கடல்நீரை மொண்டு, இரட்டைத் துணியில் வடிகட்டி, நான்கு பங்குக்கு ஒரு பங்கு நல்ல தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, அடியிலிருந்து காற்று விட்டு, மேலே ஒரு விளக்கைப் போட்டால் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மேலே மிதக்கும்; செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கொடுக்க வேண்டும். அலசாமல் விட்டால் நீங்கள் பாடுபட்டு இறக்கிய உப்பு திரும்பவும் ஏறிவிடும். ஓடுகள் குஞ்சின் குடலை அடைத்துவிடும் என்பதால் அவற்றையும் விடாதீர்கள்.

கீழக்கரை வாசகி | நவம்பர் 20

டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகளுக்கு மட்டுமன்று, இந்த நேரத்தில் பெற்றோருக்கும் கொடுக்காதீர்கள். சாக்கடை நீரில் வளரும் அந்தப் புழுவோடு நோயும் சேர்ந்து வரும். பாம்பன் இறாலை ஓடு நீக்கிப் பொடியாக நறுக்கி, உறையவைத்து எடுத்துக் கொடுத்தால் அதுவே போதும்.

ஏர்வாடிக் கரை | டிசம்பர் 14

ஆர்டீமியாவை நவம்பர் 23 முதல் நாளுக்கு நான்கு வேளை கொடுத்தேன். ஐந்தாம் நாள் குஞ்சுகளின் வயிறு இளஞ்சிவப்பாக உப்பியிருந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டரை அதன் பிறகு திரும்ப வைத்தேன். இப்போது அவை அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அண்ணன் சொன்னதுபோலவே பெற்றோர் விலகி விலகி ஓடத் தொடங்கின. தாயின் முதுகில் தோல் சற்று உரிந்து வெண்கோடு தெரிந்ததால் நேற்றுப் பிரித்துவிட்டேன். முதலில் மொய்த்தவற்றில் பாதிக்கு மேல் அந்தக் கறுப்புப் பஞ்சிலேயே வலுவிழந்து இறந்துபோயின. பிறகும் சில இறந்தன. நேற்று எண்ணிப் பார்த்ததில் 37 குஞ்சுகள் இருக்கின்றன. பெரியது என் கட்டைவிரல் நகத்தின் அளவு இருக்கிறது. வட்ட உருவம் எடுக்கத் தொடங்கிவிட்டது.

குஞ்சுத் தொட்டியில் இனி மழைநீர் ஊற்றுவதில்லை. நாளுக்குச் சிறிதாகக் காவிரி நீரைக் கூட்டி வருகிறேன். இன்று 190 காட்டுகிறது. அண்ணன் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மழைத்தொட்டியில் இன்னும் 150 லிட்டர் மீதமிருக்கிறது. பெற்றோர் மீண்டும் கூம்பைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டன. இந்த நீரை வைத்து அடுத்த முட்டைக்கு விடலாமா, இல்லை ஜோடிக்கு ஓய்வு கொடுக்கலாமா?

மண்டபம் மீன்தொட்டி | டிசம்பர் 14

ஓய்வு கொடுங்கள், தம்பி. கூம்பை வெளியே எடுத்துவிடுங்கள்; தாயின் முதுகு ஆற வேண்டும். இரண்டு மாதம் நன்றாக உணவூட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம். மார்கழியில் இன்னும் ஒரு மழைக்கு வாய்ப்பு இருக்கிறது. அதற்கு முன்பு ஆட்டுக்கொட்டகைத் தகரத்தைக் கழுவிவிட்டு, அந்த 150 லிட்டரை மூடி போட்டு நிழலில் வையுங்கள். கொசு முட்டையிடாதபடி மூடியின் ஓரத்தில் துணி கட்ட மறக்க வேண்டாம்.